பசுவின் ஐந்தாவது கால்

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் பழைய தாள்களுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த அம்மாளுக்குப் பசையம்மா என்று பெயர் விழுந்து இருபது வருஷமாகிறது. மாவைக் கரைத்து அவர் பசை காய்ச்சும் பக்குவம் அப்படி. "அதுக்குக் காட்டுற அக்கறையில பாதி எனக்குக் கிடைச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்பார், பஸ் ஓட்டும் அவருடைய கணவர். தினமும் எங்கெங்கோ போய்வருகிற மனிதருக்கு இந்தக் குறை.

இப்பேர்ப்பட்டவருக்கும் அருங்காட்சியக இயக்குநருக்கும் மூண்ட பெரும்போருக்குக் காரணம் ஒரு பசு. முழுப் பசுகூட இல்லை, அதன் கால்.

யாரோ ஒரு ராஜா தன் அரண்மனை ஓவியரைக் கொண்டு தீட்டுவித்த கண்ணன் கதைச் சுவடியிலிருந்து பிரிந்துவந்த ஒற்றை ஏடு அது. கண்ணன் கோவர்த்தன மலையைச் சுண்டுவிரலில் ஏந்தி நிற்கிறான். மேலே யானைமீது உட்கார்ந்து இந்திரன் மழையைக் கொட்டுகிறான். மலைக்கு அடியில் ஆயர்களும் மாடுகளும் ஒரு பொட்டு நனையாமல் நிற்கிறார்கள். இடது ஓரத்துச் செவலைப் பசுவுக்கு மட்டும் ஐந்து கால்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது இயக்குநர் எண்ணித் தொலைத்தார்.

"அந்தக் காலைச் சுரண்டி எடுத்துடுங்கம்மா. பின்னாடி வந்த எவனோ கைவரிசை காட்டியிருக்கான். பாக்குறவங்க சிரிப்பாங்க."

"மலையை விரல்ல தூக்குறதைப் பாத்துச் சிரிக்காதவங்களா சார், இதுக்குச் சிரிக்கப்போறாங்க?"

"விதண்டாவாதம் வேண்டாம். ஆதாரம் இருந்தா காட்டுங்க. இல்லேன்னா வேற ஆளை வெச்சு எடுத்துடுவேன்."

வேற ஆள்! பசையம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். லென்ஸில் பார்த்தால் நான்கு கால் செவலை, ஐந்தாவது வெள்ளை. அதற்கு மேலே, பசுவின் மார்புக்கு முன்னால், தாள் வெறுமையாக இருந்தது. கறை என்று எல்லாரும் விட்டுவிட்ட இடம். பசுவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கன்று எட்டிப்பார்த்திருந்தால்? வண்ணம் உதிர்ந்தாலும், ஓவியர் முதலில் இழுத்த கோடு தாளுக்குள் இருக்கும். பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால் தெரிந்துவிடும். ஆனால் பின்பக்கம் தடித்த அட்டை. ஏழேழு ஜென்மத்துக்கும் பிரியாதபடி ஒட்டப்பட்ட அட்டை. ஒட்டியவர், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், இதே பசையம்மா.

ஈரம் வைத்து ஊறவிட்டால் வண்ணம் கிளம்பிவிடும். ஆகவே மெல்லிய கத்தியால் அட்டையை ஈரம் படாமல், தோல் தோலாக, பின்னாலிருந்தே சீவினார்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம்?" என்றார் கணவர்.

"அரை மில்லிமீட்டர்."

"மாட்டு வண்டியே பரவாயில்ல போலிருக்கே."

ஒன்பதாம் நாள் ஏடு தனியாக வந்தது. விளக்குப் பலகையில் வைத்ததும் சிவப்புக் கோட்டில் காது, மூக்கு, மழையை அண்ணாந்து பார்க்கும் முகம். கன்றேதான்! பசையம்மா தனியறையில் கைதட்டினார். இரண்டாவது தட்டலில் கை நின்றுவிட்டது.

வெள்ளை எங்கே போனது?

அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று சொட்டச் சொட்டப் பசை தடவி, முன்பக்கம் ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றினார். மறுநாள் எடுத்தபோது ஒற்றுத்தாளில் வெள்ளைப் பொடி. "சுண்ணாம்புத் தூசிம்மா, தட்டிவிடு" என்றார் அன்றைய மேலதிகாரி. தட்டிவிட்டார். குப்பைக்கூடைக்குள் ஒரு கன்று போயிற்று.

அருங்காட்சியகங்களில் இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: காலத்தால் உதிர்ந்தது. காலம் மான நஷ்ட வழக்குப் போட்டதாக இதுவரை தகவல் இல்லை.

"அறிக்கையில அப்படியே எழுதிடேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

"ஸ்டாப்ல நிறுத்தாம விட்டுட்டு, ஆளே இல்லன்னு நீங்க எழுதுவீங்களா?"

"எத்தனையோ தடவை எழுதியிருக்கேன்."

"நல்ல ஆள்கிட்ட கேட்டேன் பாருங்க."

மறுநாள் விளக்குப் பலகைமேல் குனிந்த இயக்குநர் நெடுநேரம் நிமிரவில்லை. "கன்னுக்குட்டிதான்" என்றார் கடைசியில். "சரி, கால் இருக்கட்டும்." பிறகு பசையம்மாவின் அறிக்கையைப் படித்தார். "கன்றின் உடல், அட்டையில் ஒட்டும்போது நான் வைத்த ஈரத்தால் உதிர்ந்தது." கீழே கையெழுத்து.

"இது எதுக்கும்மா? ஜெயிச்சுட்டீங்கல்ல. காலத்தாலன்னு போட்டா முடிஞ்சுது."

"காலம் வந்து கையெழுத்துப் போட்டா மாத்திக்கலாம் சார்."

"உங்க பேர்தானே கெடும்?"

"கெடட்டும். அந்த வருஷம் நான் இதே மாதிரி ஒட்டினது இன்னும் பதினோரு ஏடு மாடியில இருக்கு. ஒவ்வொண்ணா கீழ அனுப்பச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார்.