பச்சை எழுத்தில் ‘முடிந்தது’

எனக்குக் கறுப்புத் திரையில் வேலை செய்யத்தான் பிடிக்கும். கட்டளையைத் தட்டினால் கணினி செய்யும். செய்யாவிட்டால் ஏன் என்று முகத்துக்கு நேரே ஒரு வரியில் சொல்லும். என் மனைவியின் தம்பிக்கோ அந்தத் திரையைக் கண்ணில் காட்டக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுக்கு ஒரு ஸ்ரூடியோ இருக்கிறது. பழைய வீடியோ கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் இப்போது அவன் பிழைப்பில் பாதி. அதற்கு அவன் வைத்திருந்த புரோகிராம் கெட்டிக்காரப் புரோகிராம், ஆனால் பொத்தான் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு முறையும் நீளமாக ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி பிழைத்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

“அத்தான், மூண்டே மூண்டு பட்டன் வைச்சு ஒண்டு செய்து தாங்கோ. உந்தக் கோதாரி விழுந்த கறுப்பைப் பாத்தால் சனம் கொம்பியூட்டருக்கு ஏதோ நோய் வருத்தமெண்டு நினைக்குது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மினக்கெட்டுச் செய்தேன். ‘பதி’, ‘நிறுத்து’, ‘டிஸ்கில் எழுது’. கீழே ஒரு சின்னப் பெட்டியில் புரோகிராம் சொல்வதெல்லாம் ஓடும்படி விட்டிருந்தேன். அதையும் எடுக்கச் சொன்னான். எரிச்சல் வந்தது, பட்டுத் தெளியட்டும் என்று எடுத்தும் விட்டேன். அதற்குப் பதிலாக, புரோகிராம் ஓய்ந்ததும் பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று வரும். எப்படி முடிந்தது என்று அது பார்க்காது. பிறகு திருத்தலாம் என்று நினைத்தேன். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

இரண்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. அவன் போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்து தள்ளினான், நானும் குளிர்ந்து போயிருந்தேன்.

அன்றைக்கு அவன் கரவெட்டியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுக்கப் போய்விட்டான். கடையைப் பார்த்துக்கொள்ள நான் தனியே இருந்தேன். முக்காடிட்ட ஒரு பெண் வந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பையிலிருந்து ஒரே ஒரு கசெற்றை எடுத்தார்.

“தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனம் எங்களை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லேக்கை இதைப் பக்கத்து வீட்டு அக்காட்டைக் குடுத்திட்டுப் போனனான். கவனமா வைச்சிருந்து போன மாசம் தந்தவ. என்ரை கலியாணம், தம்பி. வாப்பா புத்தளத்திலை மௌத்தாப் போயிட்டார். அவரின்ரை படம் ரெண்டு மூண்டு கிடக்கு. குரல் இதிலை மட்டும்தான். படம் மங்கினாலும் காரியமில்லை, குரல் வந்தால் காணும்.”

மூடியைத் திறந்தேன். நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். புளித்த மணம் குப்பென்று அடித்தது. முடிந்தமட்டும் துடைத்தேன்.

“ஒருக்காத்தான் ஓடும் அக்கா. ரெண்டாந்தரம் தாங்காது.”

“அப்ப நான் இருந்து பாக்கட்டோ?”

முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் எனக்கு வேலை ஓடாது. “வேண்டாம் அக்கா, பின்னேரம் வாங்கோ. வீட்டிலை ஆறுதலா எத்தினை தரமும் பாக்கலாம்” என்றேன். அவர் கசெற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

வீடியோ டெக்கில் போட்டு ‘பதி’யை அழுத்தினேன். தொலைக்காட்சியில் படம் புள்ளி புள்ளியாக ஓடியது, சத்தம் மட்டும் நல்ல துப்பரவு. பிள்ளைகளின் கூச்சல், தட்டங்களின் ஓசை, நடுவில் ஒரு ஆண்குரல். அது வந்துவிட்டது என்று நிம்மதியாகி, நான் கைத்தொலைபேசியை நோண்டத் தொடங்கினேன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு, நாடா முடியும் தறுவாயில், டெக் கிறீச்சிட்டு நின்றது. நாடாவை வெளியே இழுத்தபோது கசங்கி அறுந்து வந்தது, அதன் பூச்சு மண்ணிறத் தூளாக என் விரலில் ஒட்டியது. போனால் போகட்டும், முழுக்கப் பதிந்தாயிற்று என்று நினைத்தேன். திரையில் பச்சை எழுத்து வந்திருந்தது.

போட்டுப் பார்த்தேன். வாய்கள் அசைந்தன. சத்தம் இல்லை. ஸ்பீக்கரைக் கூட்டினேன். வேறொரு பாட்டைப் போட்டேன், அது பாடியது. கறுப்புத் திரையைத் திறந்து, புரோகிராம் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தேடினேன். தொடங்கிய முதல் நொடியிலேயே அது சொல்லியிருந்தது: ஒலி கிடைக்கவில்லை, ஒலியின்றித் தொடர்கிறேன். கணினிக்குப் போகும் சத்த வயர் பின்னால் கழன்று தொங்கியது. தொலைக்காட்சிக்குப் போனது வேறு வயர். புரோகிராம் தன் கடமைக்குச் சொல்லித்தான் இருக்கிறது. அதன் வாயை அடைத்தவன் நான்.

பின்னேரம் அவர் வந்து கதிரையில் இருந்தார்.

“அக்கா, படம் வந்திருக்கு. குரல் வரேல்லை. என்ரை பிழை.”

“கசெற்?”

காட்டினேன். ஏசுவார் என்று நின்றேன். படத்தைப் போடச் சொன்னார். சத்தமில்லாத தன் கலியாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியும் சாரமுமாக ஒரு மனிதர் கையை உயர்த்தி வாய் திறந்த இடத்தில், நிறுத்தச் சொன்னார்.

“ஓடேக்கை ரிவியிலை சத்தம் வந்ததோ?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் கேட்டிருப்பியள். வாப்பா இதிலை என்ன சொல்லுறார்?”

கேட்டது பாதி, கேளாதது பாதி. ஆனால் அந்த ஒரு வரி காதில் விழுந்திருந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிறார். “இந்தச் சகனுக்கு ஒராள் குறையுது, ஒராள் வாங்கோ எண்டவர்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “ஓம், அப்பிடித்தான் கூப்பிடுவார்.” திரையைக் காட்டி, “அவர் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ, தம்பி” என்றார்.

கூச்சத்தை விட்டுக் குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் மெல்லிசுக் குரல்.”

திரும்பச் சொன்னேன்.

“‘வாங்கோ’வை இழுப்பார்.”

இழுத்துச் சொன்னேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாம் முறை சொல்ல வாயெடுத்தபோது அவர் கண்ணைத் திறந்து கையைக் காட்டி மறித்தார்.

“காணும் தம்பி. இனியும் சொன்னால் எனக்கு உங்கடை குரல்தான் காதிலை நிண்டிடும்.”