றோசலின் ஒரு கன்னத்தில் பூசிய கிறீம்

வேலணையில் பாமசியில் மருந்து கொடுத்த இருபத்தெட்டு வருடத்தில் நான் வழக்கத்தை விட்டு நடந்தது ஒரேயொரு தடவைதான், அதுவும் ஒரு முகக் கிறீம் விசயத்தில். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

றோசலின் நெடுந்தீவுக்காரி. ஐம்பது தாண்டியிருக்கும். அவளுடைய புருஷன் மீன்பிடிக்கப் போய்ப் பதினாறு வருடம். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்று அவள் கையில் ஒரு சின்ன டப்பா. போனில் விளம்பரம் பார்த்து எடுத்தாளாம்.

"மிஸ், இது கொலாஜன் கிறீம். ஆறு டப்பா பூசினா சுருக்கம் எல்லாம் போயிடுமாம். தாலிக்கொடியை வித்தெண்டாலும் எடுப்பம் எண்டு இருக்கிறன். வாங்கலாமோ?"

எனக்கு விசர் வந்தது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவன் பெயர் இல்லை, எந்தத் தொகுதியில் செய்தது என்ற பச் நம்பர் இல்லை, காலாவதித் திகதி இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை.

"கொலாஜன் பூசினா தோலுக்குள்ள இறங்காது. மேல கிடந்து ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், அவ்வளவுதான். அதுக்கு நான் தாற சாதாரண கிறீமே காணும். இந்த வயசில ஆருக்கு வடிவு காட்டப் போறீர்?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

"அவருக்குத்தான், மிஸ். மத்தியானத்தில வாறவர். படலையடியில நிண்டு என்ர முகத்தைப் பாப்பார். வேற ஆற்றயோ வீடெண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவார். அவர் போன மாதிரியே இளந்தாரியாய் இருக்கிறார். நான்தான் கிழண்டு போனன்."

வெளியே வெயில் கொளுத்தியது, நான் கடைக்குள் இருந்த லைட் எல்லாவற்றையும் போட்டேன். சந்தேகமான கிறீமை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் துளி பூசிப் பார்க்கச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அவளை அனுப்பிவிடும் அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

"வலக் கன்னத்தில மட்டும் ஒரு மாசம் இதைப் பூசும். மற்றதில என்ர கிறீம். வித்தியாசம் தெரியாட்டித் தாலிக்கொடியில கை வைக்காதையும்."

வித்தியாசம் எதுவும் தெரியாது என்ற திமிர்தான் எனக்கு.

ஒரு மாதம் கழித்து, கவுண்டரில் வலக் கன்னம் மட்டும் தெரிய ஒருத்தி நின்றாள். "என்ன பிள்ளை வேணும்?" என்றேன். திரும்பினாள். ஐயோ, றோசலின்!

வலக் கன்னம் வெளுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மினுங்கியது. இடது பழையபடியே. கிட்டப் பார்த்தால் அந்த வெளுப்புக்கு அடியில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாக ஓடின. ஸ்டீரொய்ட் கலந்த கிறீம் பூசியவர்களிடம் முன்பும் இதைப் பார்த்திருக்கிறேன்.

"எரியுதோ?"

"ஓம். அது பரவாயில்லை. மிஸ், இந்தக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிண்டனான். அவர் படலையைத் திறந்து முற்றத்துக்கே வந்திட்டார். சந்தோசத்தில முழுசாய்த் திரும்பிட்டன். மற்றக் கன்னத்தைக் கண்டிட்டுத் திரும்பிப் போயிட்டார்." அழுதாள். "மற்றப் பக்கமும் பூசினா உள்ளுக்கு வருவார், மிஸ்."

"தோல் அழுகிப் போம், விசரி! தாரும் அதை."

டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கெஞ்சித்தான் வாங்கினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு என் பையில் போட்டேன். அன்றே பஸ்ஸில் யாழ்ப்பாணம் கூட்டிப்போய்த் தோல் டொக்டரிடம் காட்டினேன். அவரும் ஸ்டீரொய்டாகத்தான் இருக்கும் என்றார்.

ஆறு மாதத்தில் கன்னம் ஆறியது. இரண்டு பக்கமும் ஒரே சுருக்கம். கருவாட்டுப் பார்சலோடு வந்து நன்றி சொன்னாள்.

"அவர்?" என்று கேட்டேன்.

"இப்ப படலைக்கும் வாறேல்லை, மிஸ்."

பிள்ளைகள், பச் நம்பர் இல்லாத கிறீமை வாங்க விடாதீர்கள். ஒரு மாதத்தில் முகத்தை மாற்றும் கிறீமுக்குப் பயப்படுங்கள். கொலாஜனைப் பற்றி நான் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வழக்கப்படி முழங்கையில் பூசச் சொல்லியிருந்தால், அவள் முகம் மாறியிருக்காது, அவர் முற்றம் வரை வந்திருக்க மாட்டார். அவளும் அவரை இரண்டாம் தடவை இழந்திருக்க மாட்டாள்.