தாஷ்கண்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்

விமானம் கிளம்பியதிலிருந்து நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். "டாய்லெட் எந்தப் பக்கம்ட்டி?" என்று கேட்டு, போய் வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். முன் சீட்டு மராத்தி அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன்.

அவருக்கு மறதி வந்து ஒரு வருஷம் இருக்கும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற மறதி இல்லை. புனே பக்கத்தில் இருக்கிற கடக்வாஸ்லா அணைக்கு ஸ்கூட்டரில் போனவர், திரும்பி வர வழி தெரியாமல் சோளக்கதிர் சுடுகிற வண்டிக்காரன் பக்கத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம பயலுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா பாணேர்ல அவன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அந்தப் பதினோராவது மாடில அடைச்சிருவான். நீ வாயத் தொறக்கப்படாது."

நான் எப்போது வாயைத் திறந்தேன்? புனேவுக்கு வந்த நாள் முதல் ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்தான் பேசுவார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். மராத்தி அவ்வளவு சுத்தமாக வரும். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதற்குள் மகன் எங்கள் இரண்டு பேருக்கும் தாஷ்கண்ட் டூருக்குப் பணம் கட்டிவிட்டான். "அப்பா, அம்மா ஒரு தடவையாவது ஃபாரின் பாக்கணும்" என்றான். வேண்டாம் என்றால் ஏன் என்பான். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது. கிளம்பிவிட்டோம்.

கூட்டத்தில் எல்லோரும் ரிட்டயரான மராத்தி ஜோடிகள். டூர் மேனேஜர் முப்பது வயசுப் பெண், விசில் மாதிரி குரல். எங்களைக் காகா, காகு என்று கூப்பிடுவாள். சித்தப்பா, சித்தி மாதிரி. ஏர்போர்ட்டிலேயே இவர் ஏதோ ஜோக் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார். அப்புறம் பஸ்ஸில் "காகா, இங்க வாங்க, காகா, அங்க உட்காருங்க" என்று ஒரே உபசாரம். அவர் சிரிக்கச் சிரிக்க நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷம் என்ன கேட்டுவிடுவாரோ.

தாஷ்கண்டில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். ரோடு எல்லாம் அகலம், இரண்டு பக்கமும் மரம். சோர்சு பஜாரில் நீலக் கூரை குடை மாதிரி கவிந்திருந்தது. உள்ளே உலர்ந்த பழம், மசாலா, வட்ட வட்டமாக ரொட்டி. ரொட்டியின் நடுவில் பூ அச்சு குத்தியிருந்தார்கள். அவர் ஒரு ரொட்டி வாங்கி என்னிடம் கொடுத்தார். ஒரு சுற்று சுற்றி வந்தோம். "ஏட்டி, ரொட்டி நல்லா இருக்கே, வாங்குவோமா?" என்று இன்னொன்று வாங்கினார். மறுபடியும் சுற்று, மறுபடியும் ரொட்டி. என் பை நிறைந்துவிட்டது.

"காகா என்ன, ரொட்டிக் கடை போடப்போறீங்களா?" என்று ஒரு மராத்தி அம்மாள் கேட்டாள்.

அவர் என் பையைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, "உங்களுக்குத்தான் தாயி! இங்கே ஓட்டல் சாப்பாட்டை நம்பி யார் இருப்பா?" என்று ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எப்படித்தான் சமாளித்தாரோ!

அங்கிருந்து மெட்ரோ ரயில். பூமிக்கு அடியில் ஸ்டேஷன், கல்யாண மண்டபம் மாதிரி விளக்கு. எங்கள் கூட்டம் ஒரே பெட்டியில் ஏறியது. நாங்கள் உள்ளே காலை வைத்ததும் உட்கார்ந்திருந்த சின்ன வயசுக்காரர்கள் எல்லோரும் சடசடவென்று எழுந்தார்கள். அந்த ஊரில் பெரியவர்கள் நிற்கும்போது சிறியவர்கள் உட்கார மாட்டார்களாம். எங்களை உட்கார வைத்தார்கள். எனக்கோ கூச்சம், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனில் இன்னும் வயசானவர்கள் ஏற, மிச்சம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் எழுந்தார்கள்.

இவர் அதைப் பார்த்தார். புனே பஸ்ஸில் எல்லோரும் எழுந்தால் கடைசி ஸ்டாப் சுவார்கேட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"சுவார்கேட் வந்துட்டு. எறங்குட்டி," என்று சொல்லிக்கொண்டே கதவைத் தாண்டி இறங்கிவிட்டார்.

அவர் சட்டையைப் பிடிக்கப் போன கையோடு நானும் இறங்கிவிட்டேன். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் பெண் வாயைத் திறந்து ஏதோ கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

அவர் படிக்கட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். "எங்க போறீய? நில்லுங்க!"

"ஃபேக்டரி பஸ் போயிரும்."

"இது புனே இல்லைங்க. நாம டூர்ல வந்திருக்கோம்."

"கையை விடுட்டி. ஊரே பாக்கு."

அவர் உதறிய வேகத்தில் எனக்குத் தோள்பட்டை வலித்தது. படிக்கட்டில் ஏறி வெளியே போய்விட்டால் அந்த அகலமான ரோட்டில் நான் எங்கே தேடுவேன்? "ஐயோ, யாராவது பிடிங்களேன்!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அந்த மண்டபம் முழுக்க என் சத்தம் போய்த் திரும்பி வந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஸ்டேஷன்காரி ஒருத்தி ஓடி வந்து அவர் முன்னால் நின்றாள். நெஞ்சில் கை வைத்து அவருக்குக் கும்பிடு போடுவது மாதிரி தலை குனிந்தாள். மரியாதையைப் பார்த்ததும் இவர் நின்றுவிட்டார். எங்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் எங்கள் எதிரிலேயே நின்றாள், நகரவில்லை.

எதிர் ரயிலில் மேனேஜர் பெண் மூச்சு வாங்க வந்தாள். அதற்குள் இவருக்குத் தெளிந்துவிட்டது. மராத்தியில் சிரித்தபடியே சொன்னார்: "எங்க வீட்டம்மாவுக்கு இந்த விளக்கெல்லாம் பாக்கணும்னு ஆசை. இறங்கிட்டா. தனியா விட முடியுமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "காகு, இப்படிப் பண்ணலாமா? நாளைக்கு சமர்கண்ட் ரயில். அங்க எவ்வளவு கூட்டம் தெரியுமா? காகாவை விட்டு ஒரு அடி நகரக் கூடாது."

நான் தலையாட்டினேன். பழி என் மேல் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவள் சொன்ன அந்தக் கூட்டம் கண் முன்னால் வந்து நின்றது.

சாயங்காலம் அவர் ஓட்டல் ரூமில் கண்ணயர்ந்ததும் கீழே இறங்கி வந்தேன். மேனேஜர் பெண் சோபாவில் இருந்தாள். எதிரே போய் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று லிஃப்ட் வரை நடந்து, மறுபடியும் வந்தேன்.

"காய் ஜாலே காகு?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள்.

என் ஓட்டை மராத்தியில் சொன்னேன். இறங்கினது நான் இல்லை. அவருக்கு எல்லாம் மறந்து போகிறது.

அவள் எழுந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "மகனுக்குத் தெரியுமா?" இல்லை என்றேன். "தெரியாம நான் உங்களை ரயில் ஏத்த முடியாது காகு. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லுதேன்."

அவளே தன் போனில் மகனைக் கூப்பிட்டு, அம்மா பேசுகிறார் என்று சொல்லிக் கொடுத்தாள். "அம்மா? மீட்டிங்ல இருக்கேன். என்ன ஆச்சு?" என்றான் மகன். சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷமா."

"ஏன்மா சொல்லல?"

"இப்பச் சொல்லுதேம்லா."

 நிமிர்ந்து பார்த்தால் இவர் லிஃப்ட் பக்கம் நிற்கிறார். செருப்பில்லாத கால். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"யாருட்டி?"

"நம்ம பய."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

போனை வாங்கினார். "ஆமாடே, அம்மா சொன்னது சரிதான்," என்றார். "சாப்பிட்டியா? சரி, வை." அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். மேனேஜர் பெண் மெதுவாக எழுந்து போய்விட்டாள்.

"அந்த மாடில நான் என்ன செய்வேன்?"

"நானும் அங்கதான இருப்பேன்."

"நீ பேசவே மாட்டியே."

 பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர் லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தெரிந்தவர் மாதிரி நடிக்காமல், என்னிடம் கேட்டார்:

"நம்ம ரூம் எந்த மாடி?"

சொன்னேன். இரண்டு பேரும் எழுந்தோம்.