பூச்சிக்கு வைத்த பொட்டு

இன்ஜினியரிங் கடைசி வருடம் நான் செய்த பூச்சி ஒரு கரப்பான் அளவுதான் இருக்கும். பழுதான பேஜரிலிருந்து எடுத்த குட்டி மோட்டார், ஆறு கம்பிக் கால்கள். மோட்டார் அதிர்ந்தால் பூச்சி தத்தித் தத்தி முன்னேறும். அதற்குச் சோறு போடுவதுதான் பெரும்பாடு. பட்டன் பேட்டரியை முதுகில் ஏற்றினால் கனம் தாங்காமல் படுத்துக்கொள்ளும். வேறு வழியில்லாமல் மேசையிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன்.

"கயிறு கட்டி இழுத்தா அது நாய்க்குட்டிம்மா. வயர் இல்லாம நடந்தா மார்க்கு. இல்லன்னா அடுத்த வருசம் பாப்போம்" என்றார் எங்கள் பேராசிரியர்.

வந்த கோபத்தில் அண்ணனுடையதும் என்னுடையதுமாக இரண்டு சோலார் கால்குலேட்டர்களை உடைத்தேன். அவற்றின் தகடுகளைப் பூச்சியின் முதுகில் ஒட்டினேன். அவை தரும் மின்சாரம் மோட்டாரை அசைக்கக்கூடப் போதாது. அதனால் சொட்டுச் சொட்டாக ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து, நிறைந்ததும் மொத்தமாகத் திறந்துவிட்டேன். மொட்டைமாடி வெயிலில் பத்து எண்ணுவதற்குள் ஒரு தத்தல். மறுபடி பத்து, மறுபடி தத்தல். திருநெல்வேலி வெயிலை நான் திட்டாமல் கழித்த ஒரே வாரம் அது.

தேர்வு நாளன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் சோப்பு டப்பாவைத் திறந்து, கல்லூரி முன்வாசல் வெயிலில் பூச்சியை விட்டேன். என் கவனமெல்லாம் கால்களில்தான். பத்து எண்ணினேன். இருபது. ஐம்பது. அசையவில்லை. பேராசிரியர் தொண்டையைச் செருமினார். ஒரு வருடம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

தேர்வாளர் குனிந்து, "முதுகுல என்னம்மா மஞ்சளா?" என்றார்.

சந்தனம்! நடுவில் குங்குமம் வேறு. நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா டப்பாவைத் திறந்திருக்கிறாள். புது சைக்கிளோ மிக்ஸியோ, எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எதுவும் ஓடியதில்லை. இந்த மெஷினுக்கு வெயில்தான் சோறு, முதுகுதான் வாய் என்று அவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

துப்பட்டா முனையில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மானம் போனால் போகட்டும். மீண்டும் தரையில் வைத்தேன். ஏழு, எட்டு... தத்தியது! வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. நேரே போய்ப் பேராசிரியரின் நிழலுக்குள் நின்றுவிட்டது.

"சார், கொஞ்சம் தள்ளுங்க, வெயில மறைக்கீங்க" என்றேன்.

அவர் தள்ளி நின்றார். பூச்சி தத்தியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தியேவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாஸ் என்றதும் அம்மா சிரித்தாள். "ஏட்டி, நான் பொட்டு வச்சுல்லா அனுப்பினேன், பெறகு நடக்காம என்ன செய்யும்?"

வார்த்தைக்கு வார்த்தை எதிர்த்துப் பேசுகிறவள் நான். அன்று மட்டும், "ஆமாம்மா" என்றேன்.