அம்மாவின் அடுப்பங்கரைக்கு நான் பிடித்த நூல்

சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்த நூலை இரண்டு முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, விரலால் தூக்கிச் சுண்டிவிட்டால் தந்தி அதிர்வது போல் ஒரு சத்தம் வரும். கூடவே வெள்ளைத் துளிகள் முகத்தில் தெறிக்கும், உதட்டில் பட்டால் சுர்ரென்று எரியும். அந்த எரிச்சலை நான் முதன்முதலில் அறிந்தது பதினொரு வயதில்.

இன்றைக்கு விருத்தாசலத்தில் வீடு கட்ட நினைக்கிற யாரைக் கேட்டாலும் "மேஸ்திரியம்மாவைப் போய்ப் பாருங்க" என்றுதான் கை காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து, சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்து, கரண்டி பிடித்து, பிறகு ஆள் வைத்துக் கட்ட ஆரம்பித்தவள் நான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் நான் போட்ட மூலைகள் நிற்கின்றன. எதில் வேண்டுமானாலும் மூலை மட்டத்தை வைத்துப் பாருங்கள், ஒரு நூல் வெளிச்சம் தெரியாது. படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வரைந்த பிளானை என் முன்னால் விரித்தால், கதவை எங்கே தப்பாக வைத்திருக்கிறார்கள் என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால், பீங்கான் சூளைகளில் கழித்துப் போட்ட சாமான்கள் மேடு மேடாகக் கிடக்கும்: கழுத்து உடைந்த பொம்மை, வெடித்த ஃபியூஸ் கட்டை, கோணிப்போன கிண்ணம். மற்றப் பிள்ளைகள் பொம்மைத் தலைகளுக்கு அடித்துக்கொள்வார்கள். நான் ஃபியூஸ் கட்டைகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, ஆள் உட்காருகிற அளவுக்கு "வூடு" போடுவேன். சாண் உயரம்கூட இல்லாத சுவர், யாரும் தாண்டிவிடலாம். ஆனால் ஒரு பிள்ளைகூடத் தாண்டாது. சுற்றிக்கொண்டு வந்து நான் விட்ட சந்து வழியாகத்தான் நுழையும். கோடு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் ஜனங்கள் அதற்குக் கட்டுப்படுகிறார்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோனது. இரண்டு வாசலை எதிரெதிரே விட்டால் பிள்ளைகள் வந்த வேகத்தில் வெளியே ஓடின. ஒன்றை மூலைக்குத் தள்ளியதும் அதே இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து சோறு பொங்கி விளையாடினார்கள். அறை பெரிதாகச் சுவரைத் தள்ள வேண்டியதில்லை, வாசலைத் தள்ளினால் போதும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

புதிய சூளைக் கொட்டகைக்குக் கடைக்கால் போட வந்தவர்கள் மூலை பிடிப்பதை வேலிக்கு வெளியே நின்று மூன்று நாள் பார்த்தேன். ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நாலடி, குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் மூலை சுத்தம். இம்மி பிசகினாலும் கோணல். நாலாம் நாள் நானே கயிற்றில் முடிச்சுப் போட்டு என் வீட்டை நிமிர்த்திவிட்டேன்.

அதைப் பார்த்து வியந்தவர் ஒரே ஒருவர், அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஓட்டினார். என்னை "இன்சினீரம்மா" என்று கூப்பிடுவார். "இந்தத் தெருவுல எந்த ஆம்பளப் புள்ளைக்கு இந்தப் புத்தி இருக்குது, சொல்லுங்க பாப்போம்" என்று டீக்கடையில் நின்று கேட்பார். அவர் குதிக்கச் சொன்னால் நான் கிணற்றில் குதித்திருப்பேன்.

தாத்தா விட்டுப்போன மனை ஒன்று அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்தது. தெருவோரம் நாற்பதடி, பின்பக்கம் முழுக்கச் சீமைக்கருவேல முள். நடுவில் ஒரு சுவர் எழுப்பி ஆளுக்கொரு வீடு என்று பேச்சு. மூத்தவர் என்பதால் அப்பாதான் முதலில் தன் பக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பா முந்திக்கொண்டு, "அண்ணன் கெழக்கால எடுத்துக்கட்டும், காலையில வெயிலு வரும், அண்ணிக்கு அடுப்பங்கரை வெளிச்சமா இருக்கும்" என்றார். அதுவரை வாடகை வீட்டுச் சார்ப்பில், கூரை தலையில் இடிக்கக் குனிந்தே சமைத்த அம்மா அன்றைக்கே அந்த அடுப்பங்கரையைத் தரையில் விரலால் வரைந்து எனக்குக் காட்டினாள். "இங்க அடுப்பு, இங்க அம்மி, நடுவுல அப்பாவும் புள்ளைங்களுமா நீங்க நாலு பேரும் வட்டமா உக்காந்து சுடச்சுடத் திங்கணும்."

கோடு போடுகிற அன்று காலை கொத்தனார் நூல் உருண்டையை எடுத்தார். சித்தப்பா அதை வாங்கி என் கையில் வைத்தார். சித்திக்குப் பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ள நூலு புடிச்சா அந்த வூடு வெளங்குமா?"

"நீ சும்மா இருடி. கொத்தனாரு கணக்கு தப்புனாலும் எங்க இன்சினீரம்மா கணக்கு தப்பாது" என்றார் சித்தப்பா. எனக்குத் தலை வானத்தில் இடித்தது.

தெருவோரம் சரிபாதியில் முளை அடித்தாயிற்று. அங்கிருந்து பின்னால் எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. "பின்னாடியும் அளந்து நடுவுல ஒரு புள்ளி வச்சிக்கலாங்களா?" என்று கொத்தனார் கேட்டார்.

"முள்ளுக்குள்ள பூந்து என்னத்த அளக்கறது? தெருக் கோட்டுலருந்து மூலை மட்டம் புடிச்சா நேரா போயிடப் போவுது. ஏம்மா, நீ சொல்லு" என்று சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"மூணு, நாலு, அஞ்சு" என்றேன். பிடித்தேன். குறுக்கே ஐந்தடி துல்லியமாக வந்தது. கோடு போகிற வழியில் மட்டும் முள்ளை வெட்டிக்கொண்டே போனார்கள்; என் சுண்ணாம்புக் கோடு அம்பு போல் உள்ளே ஓடியது. சூளையில் ஷிப்டு முடித்து வந்த அப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நடுச்சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான் எங்கள் பக்கத்து முள்ளை வேரோடு எடுத்தார்கள். உள்ளே எல்லைக் கல் நின்றது. அம்மா சுவரிலிருந்து கல் வரைக்கும் அடி மேல் அடி வைத்து நடந்தாள். முடிந்ததும் திரும்பவும் நடந்தாள். கொத்தனார் டேப்பை வைத்தார். இருபதடி இருக்க வேண்டிய இடத்தில் பதினாலடிதான் இருந்தது. பழைய வாய்க்கால் போன போக்கில், மனையின் இரண்டு ஓரமும் பின்னால் போகப் போக மேற்கே சாய்ந்திருந்தன. நடுச்சுவரும் கூடவே சாய்ந்திருந்தால் பாதிக்குப் பாதி கிடைத்திருக்கும். நான் அதை நிமிர்த்தி நிறுத்தியதில் எங்களுடைய ஆறடி சித்தப்பா வீட்டுக்குள் போய்விட்டது. படுக்கிற அறையும் கொல்லைக்குப் போகிற நடையும் போக, அடுப்பங்கரைக்கு மிஞ்சியது நாலடி.

"முள்ளு மறைச்சிக்கிட்டு இருந்துச்சுங்க அண்ணி, எனக்கென்ன ஞானக்கண்ணா இருக்குது?" என்றார் சித்தப்பா.

பக்கத்தில் நின்ற சித்தி வாய்தவறி, "தையில வெறவு வெட்டுறப்பவே கல்லு ரெண்டும் மேற்கால தள்ளி நிக்குதுன்னீங்களே" என்றுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்தப்பா ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார். "நானா நூலு புடிச்சேன்? உங்க பொண்ணுதானே புடிச்சா. பொட்டப்புள்ள கையில நூலக் குடுத்தது என் தப்புங்க."

அம்மா என் முன்னால் வந்து குனிந்தாள். "மனை சாஞ்சிருந்தா செவுரும் சாயணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதாடி?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். குழந்தையை வைத்து ஏமாற்றினீர்களே என்று அவள் அந்தச் சுவரை அன்றே இடிக்க வைத்திருப்பாள். கொத்தனார்கூட அந்த வார்த்தைக்காகத்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ஆனால் சுற்றிலும் ஆட்கள். தெரியாது என்றால் நான் வெறும் பொட்டப்புள்ள ஆகிவிடுவேன்.

"மட்டம் சரியாத்தாம்மா இருக்குது" என்றேன்.

"கேட்டீங்களா அண்ணி? இன்சினீரே சொல்லிடுச்சு" என்று சித்தப்பா பிடித்துக்கொண்டார். அப்பா, "வுடு, கட்டுன செவுத்த இடிச்சா ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அகலமாக மாட்டுக் கொட்டகை வந்தது. இந்தப் பக்கம் அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்தால் பின்னால் ஆள் போக முடியாது; நாலு பேரும் நாலு பந்தியாகச் சாப்பிட்டோம். சித்தப்பா அதற்குப் பிறகு என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவருக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது. எனக்கு இன்றும் ஆறாதது ஆறடி நிலமல்ல. அவர் முள் வெட்டியது தை மாதம், என் கையில் நூல் கொடுத்தது சித்திரை. நடுவில் எத்தனையோ நாள் என் ஃபியூஸ் கட்டை வீட்டுக்குள் வந்து, நான் விட்ட வாசல் வழியாகவே நுழைந்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் போட்ட மண் சோற்றை ருசி சொல்லித் தின்றிருக்கிறார். அதில் எந்த நாள் வரைக்கும் நிஜம்?

மூலை சுத்தமாக இருந்தால் வீடு சரியாகிவிடாது. அந்த மூலையை எந்தக் கோட்டிலிருந்து பிடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். முதல் கோட்டை யார் போடுகிறாரோ, மற்ற எல்லாச் சுவரும் அவருக்குத்தான் ஊழியம் செய்யும். அதனால்தான் எந்த மனைக்குப் போனாலும் முள்ளோ சேறோ, நான் முதலில் பின்பக்கம் போகிறேன். சமையலறைக்குக் கோடு போடும்போது வீட்டுக்காரம்மாவை உள்ளே உட்காரச் சொல்லி, அவர் முதுகுக்குப் பின்னால் நானே நடந்து பார்க்கிறேன்.

இப்போது என் ஆட்கள் நூல் பிடிப்பதில்லை. ஒரு சின்ன மிஷினை வைத்தால் பச்சை வெளிச்சம் நேராக ஓடுகிறது. அந்த மனையை இரண்டு குடும்பமும் விற்றுவிட்டோம். அங்கே இப்போது ஒரே ஹாலாக டைல்ஸ் கடை. நடுச்சுவர் எந்த இடத்தில் நின்றது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சித்தப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். நான் மேஸ்திரியான பிறகு, உள் அறையை இடித்தாவது அடுப்பங்கரையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று பலமுறை கேட்டேன். "நீ ஊருக்குக் கட்டு, எனக்கு வேணாம்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள், "எம் பொண்ணு எப்பவும் அவங்க சித்தப்பன் கட்சி" என்று சொன்னதை ஒருநாள் என் காதாலேயே கேட்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்ல நாற்பது வருடம் இருந்தது. ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை சொல்லியிருக்கிறேன். தெரியாது என்று மட்டும் சொல்லிப் பழகாத வாய் இது.