மிளகாய்க்குப் போன பெயர்

ஆசிரியைப் பயிற்சிக்காக மயிலாப்பூர் விடுதியில் சேர்ந்தபோது நான் முதலில் கற்றுத் தேறியது காப்பி குடிப்பதில்தான். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒன்று, படிக்கிற சாக்கில் இன்னொன்று. அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைப் பக்கம் காலையில் கேழ்வரகுக் கூழ்தான். காப்பி, ஜுரம் கண்டவர்களுக்குப் பன்னோடு வாங்கித் தரும் மருந்து.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளால் அது எப்படி முடியும்? குழாயடியில் கூடியிருந்த பெண்களிடம், காப்பி நரம்பைக் கெடுக்கும், அதற்கு அடிமையாவது அறியாமை என்று பேசினேன். அதே மூச்சில் திருஷ்டியையும் ஒழித்துக் கட்டினேன்.

"எங்களுக்கு யாரு காப்பி ஊத்துறாங்க, நாங்க உடறதுக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் பெருமையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மதியம் என் தலைக்குள் யாரோ அம்மி கொத்தத் தொடங்கினார்கள். காரணம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் குழாயடியில் பேசிய பேச்சு என்னாவது? கூழைக் குடித்துப் பார்த்தேன். இன்னொரு சட்டி குடித்தேன். கருவாட்டையும் ஒரு கை பார்த்தேன். வயிறு நிரம்பியது, தலை கேட்கவில்லை.

"அத்தினி பேரு எதிர்ல பேசினியே, கண்ணு பட்டுக்கீது" என்ற அம்மா, உப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "பாத்தியா, நெடியே வர்ல."

"இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா."

"சரி, பேசாம குந்து."

அதற்குள் நைனா காப்பி கிளப்புக்குப் போய்ச் செம்பு நிறையக் காப்பியும் இரண்டு பன்னும் வாங்கி வந்துவிட்டார். நோயாளி மறுப்பது மரியாதையில்லை. பன்னை நனைத்துத் தின்று, செம்பைக் காலி செய்தேன். சிறிது நேரத்தில் அம்மி கொத்தியவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அத்தை வாசலில் வந்து நின்றாள். "இன்னா வாத்தியாரம்மா, தலவலி உட்டுச்சா?"

"விட்டுடுச்சு அத்தை."

"எதுல உட்டுச்சு?"

ஒன்று நான் காப்பிக்கு அடிமை, இல்லையென்றால் எனக்குத் திருஷ்டி. எது கௌரவம் என்று ஒரு கணம் யோசித்தேன்.

"மிளகாதான் அத்தை" என்றேன்.

அதன்பின் அங்கே எந்தக் குழந்தை அழுதாலும், "படிச்ச பொண்ணே சொல்லிச்சு" என்று மிளகாயை எடுத்தார்கள். நானும் சுகாதாரம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்த ஞாயிறுகளில் எல்லாம் எனக்குத் தவறாமல் கண் பட்டது.