வலது ஓரத்தில் அம்மா

என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. என்னைப் பெற்ற மூன்றாம் மாதம் இறந்துபோய்விட்டாள். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் எனக்கு அது குறைதான்.

போன வருடக் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்து இப்போது கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி, சட்டம் போட்ட பிலிம் துண்டான வண்ண ஸ்லைடு ஒன்றைக் கொண்டுவந்தாள். தோட்டத்தின் பழைய துரை எடுத்தது. கொழுந்துக் கூடையோடு ஏழு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வலது ஓரத்தில் உன் அம்மா, இடது ஓரத்தில் என் அம்மா என்று அக்கா சொன்னாள். தன் அம்மாவின் இளவயதுப் படம் அவளிடமும் வேறில்லை. நான் வீட்டிலேயே பிரிண்ட் போடுவது தெரிந்து, ஆளுக்கொன்று போடச் சொன்னாள்.

மடிக்கணினித் திரையை வெள்ளையாக்கி, அதன் முன் ஸ்லைடை நிறுத்தி, கேமராவில் கிட்டத்தில் எடுத்து பிரிண்ட் போடுவது என் வழக்கம். ஆனால் எங்கள் ஊர் ஈரத்தில் ஸ்லைடில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அம்மா முகத்தின் மேல் நூல் நூலாக ஓடியது. முதலில் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு துடைத்திருக்கலாம். பொறுமை என் ஜாதகத்திலேயே கிடையாது. பூஞ்சணம் படிந்த மங்கலான பக்கத்தை மேலே வைத்து, வலது ஓரத்தை ஈரப் பஞ்சால் ஒரு இழு இழுத்தேன். பஞ்சில் சாயம் வந்தது. அந்த இடத்தில் முகமே இல்லை.

இருந்த ஒரே முகத்தையும் துடைத்துப் போட்ட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள், மிச்சத்தையாவது பார்ப்போம் என்று பளபளப்பான பக்கத்திலிருந்து எடுத்து பிரிண்ட் போட்டேன். முகமில்லாதவள் இடது ஓரத்தில் நின்றாள். மங்கலான பக்கம் படத்தின் பின்பக்கம். அங்கிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறித்தான் தெரியும். அவசரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. வலது ஓரத்தில் ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் நெற்றி, என் மூக்கு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழிந்தது அக்காவின் அம்மா என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அக்கா வந்தபோது, பூஞ்சணம் தின்றுவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“பரவால்ல லா. எனக்கு எங்கம்மா மொகம் ஞாபகம் இருக்கு. உனக்குத்தான் இல்ல. உங்கம்மா படத்துல நல்லா விழுந்திருக்காங்க, அது போதும்.”

இரண்டு மாதமாகிறது. அம்மாவை இன்னும் சுவரில் மாட்டவில்லை. அலமாரியில் துணிக்கடியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் இடது ஓரத்துக்குத்தான் போகிறது.